சிதேயில் உன்னைத் தடுத்தவள் எழுதுகிறேன்

அப்பா சோற்றோடு இந்தக் கடிதத்தையும் தாகேதாவுக்குக் கொண்டுவருவார். முதலில் சாப்பிடு, பிறகு படி. பர்மிய மொழியில் எழுதியிருந்தால் ஒரே மூச்சில் படித்துவிட்டு ஒரு பக்கமாகப் போட்டுவிடுவாய். தமிழில் எழுதினால் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வேண்டியிருக்கும். வேறு வழியில்லாமல் நிதானம் வரும். அந்த நிதானத்துக்காகத்தான் தமிழில் எழுதுகிறேன். உன் பெயரையும் என் பெயரையும் எங்கும் எழுதவில்லை, மற்றவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். இது வேறு யார் கையில் கிடைத்தாலும், உன்னைப் போன்ற இன்னொரு பிள்ளைக்கு அவன் அம்மா எழுதியதாக இருக்கட்டும். அப்படிப்பட்ட பிள்ளைகளும் அம்மாக்களும் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்.

விஷயம் இதுதான். திங்கட்கிழமை காலை ஷ்வேப்யிதா தொழிற்பேட்டையிலிருந்து அட்டைப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி எல்லைப் பக்கம் புறப்படுகிறது. நீ அதில் ஏற வேண்டும். ஏறமாட்டேன் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறாய். பட்டாளத்துக்கு ஆள் எடுக்க வார்டில் நடத்திய குலுக்கலில் உன் பெயர் விழுந்த பிறகு, தாகேதாவில் அத்தை வீட்டு மாடி அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். கூட்டிப்போக வந்த முதல் ஆள் அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தான் என்று வேண்டாமென்றாய். இரண்டாவது ஆள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை என்றாய். இப்போது இந்த லாரிக்காரர் அதிகம் பேசவில்லை என்கிறாய். "அம்மா கணக்குல இந்த ஆளும் தேறமாட்டாருப்பா" என்று சொல்லிச் சிரித்தாயாம். அப்பா அதை அப்படியே வந்து என்னிடம் சொன்னார். அவருக்கு எதையும் பூசி மெழுகத் தெரியாது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிதேயில் நான் செய்ததை நீ உனக்கு ஒரு கேடயமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாய் என்று அப்போதுதான் புரிந்தது. அந்த நாளைப் பற்றி நாம் இருவரும் இதுவரை ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. இப்போது பேசியாக வேண்டும்.

அந்தப் பயணம் உன் யோசனை. துருக்கிக்கு ஒரு சுற்றுலாக் குழுவோடு போவது, கடலோரத்திலிருக்கும் சிதே என்ற பழைய நகரத்தைப் பார்க்கும்போது கூட்டத்திலிருந்து நழுவிவிடுவது, உன் சிநேகிதனுடைய அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போவது. அவன் அந்தப் பக்கம் ஒரு ஓட்டலில் சமையல் வேலையில் இருக்கிறான் என்றாய். நான் கேட்டேன், "நீ அவனை நேரில் பார்த்திருக்கிறாயா?" இல்லை என்றாய். "அப்படியானால் நான் பார்க்கிறேன்" என்றேன். அவ்வளவுதான் நான் வந்ததற்குக் காரணம். கண் கலங்கி வழியனுப்ப வரவில்லை. அது எனக்கு வராது என்று உனக்கே தெரியும். அந்த ஆள் உண்மையில் இருக்கிறானா என்று கண்ணால் பார்க்க வந்தேன். நாம் ஒரே வீட்டு ஆட்கள் என்று குழுவில் யாருக்கும் தெரியக்கூடாது என்பது அப்பாவின் யோசனை. நீ திரும்பாவிட்டால் நான் மட்டும் ரங்கூன் விமான நிலையத்தில் வந்து இறங்க வேண்டுமே. "உங்க பாஸ்போர்ட்டுல ரெண்டு பேர் பேருக்கும் ஒரு எழுத்துகூட ஒட்டலை. கேட்டா யாரோ எவரோன்னு சொல்லிடு" என்றார். இந்த நாட்டில் குடும்பப் பெயர் கிடையாது என்பதை ஒரு வசதியாக நான் நினைத்தது அதுதான் முதல் தடவை. நம் அம்மன் கோயில் ஐயர் உனக்கு வைத்த பெயரும் பள்ளிக்கூடத்தில் கொடுத்த பர்மியப் பெயரும் வேறு வேறு. என்னுடையதும் அப்படித்தான். விமானத்தில் நீ எனக்கு நான்கு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தாய். உன் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். முடி வெட்டியவன் ஒரு பக்கம் கூடுதலாக எடுத்திருந்தான். அதைச் சொல்லக்கூட வழியில்லை.

ஓட்டலில் உன்னோடு ஒரே அறையில் தங்கினாரே ஊ டின், மனைவியை இழந்த அந்த நகைக்கடைக்காரர், அவர் காலைச் சாப்பாட்டில் என் எதிரே வந்து உட்கார்ந்து உன்னைப் பற்றிப் புகார் சொன்னார். "சயாமா, நீங்க பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கிறவங்க, உங்களுக்குப் புரியும். என் ரூம்ல ஒரு பையன் இருக்கான். சாப்பிடறதில்லை, பேசறதில்லை, போனை வச்சுக்கிட்டே கிடக்கான். இவனைப் பெத்தவ என்ன பாடுபடறாளோ!" நான் முட்டையை உரித்துக்கொண்டே, "பாவம்" என்றேன். "பாவமா? வளர்த்த லட்சணம்!" என்றார். நீ பக்கத்து மேசையில் காப்பிக் கோப்பைக்குள் சிரித்ததைப் பார்த்தேன். அன்று முழுவதும் நாம் இருவரும் சேர்ந்து சிரித்தது அது ஒன்றுக்குத்தான். அதையும் தனித்தனி மேசையில்.

சிதே நகரம் உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ தெரியாது. நீ எதையும் பார்க்கவில்லை, வாசல்களை மட்டும்தான் பார்த்தாய். எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. பயத்தில் இருக்கும்போது எனக்குப் பார்வை கூர்மையாகிவிடும். தூண்கள் வரிசையாக நின்ற தெரு, அதன் ஓரத்தில் இன்றைய கடைகள், மாதுளம்பழச் சாறு பிழியும் வண்டிகள், ஒரு பெரிய கல் அரங்கம். அதன் படிகளில் ஏறி நின்றால் ஒரு பக்கம் கடல். நம்மை ஊரிலிருந்து கூட்டிவந்த மா சந்தா கழுத்தில் பையை மாட்டிக்கொண்டு, நிமிடத்துக்கு ஒருமுறை ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தாள். அந்த ஊர் வழிகாட்டி எம்ரே ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல அவள் பர்மிய மொழியில் சொன்னாள். ஓர் எகிப்து ராணியும் அவள் காதலனும் இந்தக் கரையில் நின்று சூரியன் மறைவதைப் பார்த்தார்கள் என்று எம்ரே சொன்னபோது, யார் பக்கத்தில் நின்று பார்த்தார்களாம் என்று நினைத்துக்கொண்டேன். "இவ்வளவு இடிஞ்சு கிடக்கே, கட்டினது நம்ம ஊர் கான்ட்ராக்டரோ?" என்று ஊ டின் கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். அடுத்து ஒரு சதுக்கத்துக்கு வந்தோம். கடற்கொள்ளைக்காரர்கள் பிடித்து வந்த மனிதர்களை இந்த ஊர்ச் சந்தையில்தான் ஏலம் விட்டார்கள் என்றான் எம்ரே. பிடிபட்டவர்கள் அடிமைகள் இல்லை, சுதந்திரமான ஆட்கள் என்று ஊருக்கே தெரியுமாம். தெரிந்தேதான் விற்றார்களாம், வாங்கினார்களாம். ராணியின் கதையை நம்பாதவள், இதை உடனே நம்பினேன். மா சந்தா மொழிபெயர்ப்பதைச் சற்று நிறுத்தி, பிறகு மெதுவாகச் சொல்லி முடித்தாள். யாரும் சிரிக்கவில்லை. ஊ டின்தான் மறுபடி வாயைத் திறந்தார்: "இப்ப மட்டும் என்ன? வேலை தர்றேன்னு போன்ல கூப்பிட்டு வித்துடறானுங்க." நீ அப்போது எங்கே நின்றாய் என்று தேடினேன். சதுக்கத்தின் மறு ஓரத்தில், துறைமுகத்துக்குப் போகும் வழியைப் பார்த்தபடி நின்றிருந்தாய்.

அடுத்தது அந்தக் கோயில். கடலை ஒட்டி வெள்ளைத் தூண்கள் நான்கைந்து நிற்குமே, அதுதான். எம்ரே "கோயில்" என்று சொன்ன அடுத்த கணம் ஊ டின் குனிந்து ஷூவைக் கழற்ற ஆரம்பித்தார். "கோயில்னு சொல்லிட்டாங்க, அப்புறம் ஷூவோட நிக்கிறதா? எந்தச் சாமியா இருந்தா என்ன?" அவரைப் பார்த்து இன்னொருவர், அவரைப் பார்த்து எல்லோரும். கூரையில்லை, சாமியில்லை, வாசல்கூட இல்லை. அந்த இடத்தில் ரங்கூன்காரர்கள் அத்தனை பேரும் வெறுங்காலோடு சூட்டில் துள்ளிக்கொண்டு நின்றோம். எம்ரே வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு, கடைசியில் தானும் குழம்பிப்போய்த் தன் ஷூவைப் பார்த்தான். நீயும் கழற்றியிருந்தாய். அங்கேதான் நான் அந்தத் தவறைச் செய்தேன். ஷ்வேடகோன் பகோடாவில் ஏறும்போதும் நம் அம்மன் கோயிலுக்குள் நுழையும்போதும் உன் செருப்பையும் என் செருப்பையும் ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் வைத்துக்கொள்வேனே, நீ மீசை முளைத்த பிறகும் "விடுங்கம்மா" என்று முறைத்தும் நான் விடாத பழக்கம். என் கை என்னைக் கேட்கவில்லை. என் செருப்பைப் பையில் போட்டேன். பக்கத்தில் கிடந்த உன் ஷூவை எடுத்து, மண்ணைத் தட்டி, அதையும் போட்டேன். நிமிர்ந்தபோது மா சந்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் என் கையைப் பிடித்து ஒரு தூணின் நிழலுக்குக் கூட்டிப்போனாள். "அக்கா, யார் ஷூ அது?" நான் பையை முதுகுப் பக்கம் மறைத்தேன். "ஊரான் பிள்ளை ஷூவை எந்தப் பொம்பளையும் கையால தொடமாட்டா. அதுவும் மண்ணைத் தட்டி எடுத்து வைக்கமாட்டா." அவள் உன் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "இன்னிக்கா? இங்கயா?" என்றாள். என் முகத்திலிருந்து எதையும் யாரும் படித்துவிட முடியாது என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் படித்துவிட்டாள். "முன்னாடி நான் கூட்டிவந்த ஒரு குழுவில இப்படி ஒரு பையன் போனான். கூட்டிப்போக வந்தவன் ஒண்ணுவிட்ட அண்ணன்னுதான் சொன்னான். அந்தப் பையனோட அம்மா இன்னமும் எனக்குப் போன் பண்றாங்க. நான் என்னன்னு சொல்றது, அக்கா?" அது நிஜமா என்று கேட்டேன். அப்படிக் கேட்டிருக்கக்கூடாதுதான், ஆனால் கேட்டேன். அவள் கோபப்படவில்லை. "உங்க பையன் போனா என் தொழில் போயிடும். அது நிஜம். அதையும் சேர்த்தே சொல்றேன், மறைக்கலை. நீங்க பார்த்துக்கங்க" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குத் திரும்பினாள். கைப்பேசியில் யாரையும் கூப்பிடவில்லை, உன் பக்கத்தில் போய்க் காவலுக்கு நிற்கவும் இல்லை. அவள் சொன்னதை நான் நம்பினேனா என்று கேட்காதே. நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை.

நீ அதற்குள் உன் ஷூவைத் தேடிவிட்டாய். என் பையில் தெரிந்த ஷூ நாடாவைப் பார்த்துவிட்டாய். நாம் அந்நியர்கள், நீ என்னிடம் வந்து கேட்க முடியாது. ஒரு மணி நேரம் அவரவர் விருப்பப்படி சுற்றலாம் என்று மா சந்தா அறிவித்ததும், நீ வெறுங்காலோடு துறைமுகத்தை நோக்கி நடந்தாய். "தம்பி, ஷூ எங்கடா? கடலுக்கு நேர்ந்துக்கிட்டியா?" என்று ஊ டின் பின்னாலிருந்து கத்தினார். நீ திரும்பவில்லை. பைக்குள் உன் ஷூவை அழுத்திப் பிடித்துக்கொண்டு நானும் வந்தேன். படகுகள் கட்டியிருந்த இடத்தில், குடைக்குக் கீழே போட்டிருந்த மேசை ஒன்றில் அவன் உட்கார்ந்திருந்தான். நீலச் சட்டை, சுத்தமான ஆள், நம் ஊர் முகம். நான் வந்து சேர்வதற்குள் நீங்கள் பேச ஆரம்பித்துவிட்டீர்கள். "பாஸ்போர்ட் இருக்கா? போனைக் குடு, சிம் மாத்தணும்" என்று அவன் கையை நீட்டிக்கொண்டிருந்தான். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "நான் இவன் அம்மா" என்றேன். உனக்கு முகம் செத்துவிட்டது. அவன் அசையவில்லை. "கவலைப்படாதீங்க ஆன்ட்டி. என் தம்பி மாதிரிதான் பார்த்துக்குவேன்."

நான் கேட்ட கேள்விகள் உனக்கு நினைவிருக்கும். ரங்கூனில், மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் அவர்கள் வீடு எந்தத் தெருவில், தம்பி எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தான், அம்மா பெயர் என்ன. எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னான். சரியாகச் சொல்வது பெரிய விஷயம் இல்லை. இன்றைக்கு இதையெல்லாம் போனைப் பார்த்தே எவனும் தெரிந்துகொள்ளலாம். எனக்கு உறுத்தியது அவன் சொன்னதில் இல்லை. ஊரை விட்டு வந்து வருஷக்கணக்காகிறது என்றான். ஊரிலிருந்து இரண்டு பேர் வந்து எதிரில் உட்கார்ந்திருக்கிறோம். சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை, அங்கே மழை பிடித்துவிட்டதா என்று கேட்கவில்லை. போகட்டும். அவன் தம்பியைப் பயணத்துக்கு முதல் நாள் நாம் பார்த்துவிட்டு வந்தோம். தம்பி எப்படி இருக்கிறான் என்று அவன் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. "உன் தம்பியை வீடியோவில் கூப்பிடு" என்றேன். ஊரில் இது கரண்ட் இல்லாத நேரம், லைன் கிடைக்காது என்றான். கூப்பிட்டுப் பார்த்தான், கிடைக்கவில்லைதான். "வண்டி நிக்குது ஆன்ட்டி. ரொம்ப நேரம் நிறுத்த முடியாது" என்றான். "நிற்காவிட்டால் போகட்டும்" என்றேன். நீ எழுந்து நின்றாய். "அம்மா, ஷூவைக் குடுங்க." நான் பையை மடியில் வைத்துக்கொண்டேன். "அம்மா, குடுங்கன்னு சொல்றேன்ல. அவன் டெய்லி தம்பிகூடப் பேசறான், அப்புறம் உங்ககிட்ட எதுக்குக் கேக்கணும்?" நியாயமான பேச்சுதான். ஆனாலும் பையை விடாமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் எழுந்து, நாற்காலியை உள்ளே தள்ளி, என்னைப் பார்த்துச் சிரித்தான். "இந்தத் தம்பிக்கு ஜெயில் ஊர்ல இல்லை ஆன்ட்டி. உங்க மடியிலதான் இருக்கு." போய்விட்டான். வேகமாகக்கூடப் போகவில்லை.

நீ அங்கே கிடந்த ஒரு தூண் துண்டின் மேல் உட்கார்ந்து, "என் வாழ்க்கையைப் பிளாஸ்டிக் பையில போட்டு மூடிட்டீங்க" என்றாய். பஸ்ஸில் ஏறும்போது மா சந்தா ஆட்களை எண்ணினாள்; உன்னிடம் வந்ததும் எண்ணை இரண்டு தடவை சொன்னாள். பிறகு என் இருக்கைக்கு வந்து குனிந்து நன்றி என்றாள். உங்களுக்காகச் செய்யவில்லை என்றேன். "தெரியும்" என்றாள்.

ஊருக்கு வந்த பிறகு நீ அத்தையிடம், சிநேகிதர்களிடம், எல்லோரிடமும் சொல்லும் கதை ஒன்றுதான்: அம்மா ஷூவைக் கொடுத்திருந்தால் நான் இன்றைக்கு அங்கே இருப்பேன். இதைக் கேட்டு நான் இதுவரை மறுத்ததில்லை. இப்போது மறுக்கிறேன். நீ வெறுங்காலோடு அவன் வண்டி வரைக்கும் போயிருக்கலாம். பாதம் கொப்புளித்திருக்கும், அவ்வளவுதான். ஒரு கிழிந்த செருப்பை எங்கேயாவது வாங்கிக்கொண்டிருப்பாய். ஷூ உன்னை நிறுத்தவில்லை. அவன் போனைக் கேட்டு நீட்டிய கையில் நீ போனை வைக்கவில்லை. சட்டைப் பையின் மேல் உள்ளங்கையை அழுத்திக்கொண்டு நின்றாய், நான் வந்து உட்கார்வதற்கு முன்பே. நான் அதைப் பார்த்தேன். உனக்கும் அவன் மேல் நம்பிக்கை வரவில்லை. அதைச் சொல்ல உனக்கு வாய் வரவில்லை, நான் சொன்னேன். பழியை என் மேல் போட்டுக்கொள், எனக்கு வலிக்காது. ஆனால் அது நீயும் எடுத்த முடிவு என்பதை மறந்துவிடாதே. மறந்தால் அடுத்த முடிவை எடுக்க உனக்குத் தெரியாது.

அவன் நல்லவனா கெட்டவனா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உன் சிநேகிதனின் போன் அணைந்துவிட்டது. அவர்கள் குடியிருந்த அறையில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவேளை உண்மையான அண்ணனையே திருப்பி அனுப்பிவிட்டேனோ என்னவோ. அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கமாட்டேன். அதே மேசையில் அதே ஆளோடு இன்னொரு தடவை உட்கார வைத்தாலும் அதையேதான் செய்வேன். ஆனால் நீ அதிலிருந்து கற்றுக்கொண்டது தப்பு. சந்தேகப்படுவது ஒரு பாதுகாப்பான இடம், அங்கேயே உட்கார்ந்துகொள்ளலாம் என்று கற்றுக்கொண்டிருக்கிறாய். சிதேயில் நாம் வேண்டாமென்று சொல்ல முடிந்ததற்குக் காரணம், ஏறிக்கொள்ள நமக்கு ஒரு பஸ் நின்றுகொண்டிருந்தது. உன் பெயர் அப்போது குலுக்கலில் விழுந்திருக்கவில்லை. காத்திருப்பதற்கு ஒரு விலை இருந்தது, கொடுக்கக்கூடிய விலை. இன்றைக்கு அப்படியா? தாகேதாவில் உட்கார்ந்திருப்பதும் ஆட்களை நம்புவதுதான். கீழ்வீட்டில் குடியிருக்கிறவர், எதிர் மாடியில் துணி காயப்போடும் பெண், இந்த வீட்டுக்கு மட்டும் சோறு ஏன் கூடுதலாகப் போகிறது என்று கவனிக்கிற யாரோ ஒருவர், வீடு வீடாக ஆள் எண்ண வருகிறவர்களிடம் அத்தை முகம் மாறாமல் பேசுவாள் என்பது. இவர்கள் யாரிடமாவது நீ ஒரு கேள்வி கேட்டிருக்கிறாயா? லாரிக்காரரிடம் கேட்கிறாய். அசையாமல் இருப்பதால் உனக்கு அது நம்பிக்கை என்றே தோன்றவில்லை.

நேற்று நான் ஷ்வேப்யிதாவுக்குப் போனேன். அப்பாவுக்குக்கூடத் திரும்பி வந்துதான் சொன்னேன். இரண்டு பஸ் மாறி, தொழிற்சாலைப் பெண்கள் வேலை விட்டு வெளியே வரும் நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். லாரிக்காரரின் பெயர் கோ லாட் என்று வைத்துக்கொள். வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். நான் கேட்டதற்கெல்லாம் அங்கிருந்தே பதில் சொன்னார். வழியில் எத்தனை இடத்தில் நிறுத்துவார்கள்? "தெரியாது சயாமா. போன வாரம் இருந்தது இந்த வாரம் இருக்காது." நிறுத்தினால் என் மகனை யார் என்று சொல்வீர்கள்? "கிளீனர்னு சொல்வேன். கையில கிரீஸ் பூசிக்கணும். உங்க பையன் கை பொண்ணு கை மாதிரி இருக்குமே, அதான் கவலை." எல்லை வரைக்கும் கொண்டுபோய்விடுவீர்களா? "ரோடு திறந்திருந்தா. இல்லைன்னா முன்னாடியே இறக்கி வேற ஆள்கிட்ட விடணும்." அந்த வேறு ஆள் எப்படிப்பட்டவர்? வண்டிக்கு அடியில் ஸ்பேனரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "என்னைவிட மோசம். ஆனா அவன் வீடு எனக்குத் தெரியும்." உங்கள் வீட்டு ஆள் யாரையாவது இப்படிக் கொண்டுபோயிருக்கிறீர்களா என்று கேட்டேன். அக்கா மகனைக் கொண்டுபோய் விட்டாராம். எண்ணைக் கேட்டு வாங்கி அங்கே நின்றபடியே கூப்பிட்டேன். அந்தப் பிள்ளை தையல் மிஷின் சத்தத்துக்கு நடுவில் கத்தினான்: "மாமாவா? நம்பி வரலாம் ஆன்ட்டி. ஆனா ஓட்டும்போது தூங்கிடுவார். பக்கத்துல உட்கார்ந்து பேசிக்கிட்டே இருக்கணும்." கோ லாட் வண்டிக்கு அடியிலிருந்து, "பொய் சொல்றான் நாய்" என்றார்.

இதனால் அவர் நல்லவர் என்று நான் முடிவு கட்டவில்லை. பொய் சொல்லச் சோம்பல்படுகிறவராக இருக்கலாம். நான் சாப்பிட்டேனா என்று அவரும் கேட்கவில்லை. வண்டிக்கு அடியிலிருந்து கடைசி வரை வெளியே வரவும் இல்லை. நான் கேட்டதில் பாதிக்குத் தெரியாது என்றுதான் சொன்னார். எனக்கும் பாதி தெரியாது. இதற்கு மேல் தெரிந்துகொள்ள வழியில்லை என்பது மட்டும் தெரிகிறது. வழியில்லாத இடத்தில் நின்று இன்னும் ஒரு கேள்வி, இன்னும் ஒரு கேள்வி என்று கேட்டுக்கொண்டிருப்பது புத்திசாலித்தனம் இல்லை, பயம். எனக்கு அந்தப் பயம் இருக்கிறது. உனக்கும் இருக்கிறது, அதை நீ என்னிடமிருந்துதான் எடுத்துக்கொண்டாய். போனை யாரிடமும் கொடுக்காதே, உன் கையை விட்டு எதுவும் போகக்கூடாது, உன்னை அவசரப்படுத்துகிறவனை விட்டு இரண்டடி தள்ளி நில். இவையெல்லாம் போகிற வழிக்கு. போவதா வேண்டாமா என்பதற்கு இவை எதுவும் உதவாது.

கிளம்பும்போது கோ லாட் கேட்டார்: "வருவானா மாட்டானா? சீட்டை வேற ஆளுக்குக் குடுக்கணும்." வருவான் என்றேன். உன்னைக் கேட்காமல் சொன்னேன். இனி அதை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. அவரிடம் போன் மூலம் பேசுவதும் இல்லை என்று முடிவு செய்திருக்கிறோம். வரமாட்டேன் என்று சொல்வதானால் நீயே நேரில் போய்ச் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை காலை, தாகேதாவிலிருந்து முதல் பஸ்ஸில் கிளம்பு. தொழிற்பேட்டை வாசலில், அட்டைப்பெட்டி ஏற்றிய வண்டி. சொல்ல வேண்டியதை அங்கே போய், அவர் முகத்தைப் பார்த்துச் சொல். நான் அங்கே இருக்கமாட்டேன். அந்த நேரத்தில் எனக்கு வகுப்பு. முன்சீட் உயரமாக இருக்கும். கதவுக்குப் பக்கத்தில் ஒரு கம்பி இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு ஏறு.

அம்மா